அருப்புக்கோட்டை–திருச்சுழி வட்டார மிதிவண்டி வழிகள்

அருப்புக்கோட்டை–திருச்சுழி வட்டார மிதிவண்டி வழிகள் என்பவை தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், மானாவாரி நிலங்களின் ஊடே செல்லும் போக்குவரத்து குறைந்த சிற்றூர்ச் சாலைகள் ஆகும். இவை மிதிவண்டிக்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. தனித்தடமோ வழிகாட்டிப் பலகையோ இவற்றுக்குக் கிடையாது. ஊரையும் ஊரையும், ஊரையும் கண்மாயையும் இணைப்பதற்காகப் போடப்பட்ட குறுகிய தார்ச்சாலைகளே மிதிவண்டி வழிகளாகப் பயன்படுகின்றன. நிலம் சமதளமாக இருப்பதும் வண்டிகள் அரிதாக வருவதும் இவற்றின் சிறப்புகள். நிழலும் நல்ல தண்ணீரும் அரிதாகக் கிடைப்பது இவற்றின் இடர்.

அமைவிடம்

அருப்புக்கோட்டை, மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ தொலைவிலும் விருதுநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ தொலைவிலும் உள்ள நெசவு நகரம் ஆகும். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். அங்கிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ தொலைவில் குண்டாற்றங்கரையில் திருச்சுழி அமைந்துள்ளது. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நிலம் மிக மெதுவாகத் தாழ்ந்து செல்கிறது. மிதிவண்டி ஓட்டுபவர் அச்சரிவைக் கண்ணால் உணர இயலாது. ஓடைகளும் ஆறும் ஓடும் திசையை வைத்தே அதனை அறியலாம்.

இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மி.மீ அளவில் உள்ளது. அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, மல்லி, மிளகாய் ஆகியவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மல்லிகைத் தோட்டங்களைக் காணலாம்.

கரிசலும் சாலையும்

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பெரும்பகுதி கரிசல் மண்ணாகும். இடையிடையே செவல் நிலமும் உண்டு. கரிசல் மண் நனையும்போது ஊதிப் பெருக்கும். காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போடப்படும் சாலையும் இந்த அசைவுக்கு ஆளாகிறது. சரளை மண்ணை உயரக் கொட்டி இறுக்கி, அதன்மேல் கல்லும் தாரும் இட்டாலும், சில ஆண்டுகளில் சாலையின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்புகள் தோன்றுகின்றன. மிதிவண்டியின் சக்கரம் போகும் திசையிலேயே வெடிப்பும் அமைவதால், குறுக்குக் குழியைவிட இது ஆபத்தானது. ஒல்லியான சக்கரம் வெடிப்புக்குள் இறங்கினால் வண்டி கவிழ்ந்துவிடும். பழைய கனத்த மிதிவண்டிகளின் 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல டயரும் இச்சாலைகளுக்கு இன்றைய பந்தய வண்டிகளைவிடப் பொருத்தமானவை.

தார் போடாத வண்டிப்பாதைகள் கோடையில் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் நிலைமை தலைகீழாகும். ஒட்டும் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிடும். அப்போது குச்சியால் மண்ணைக் குத்தி எடுப்பதும், அதுவும் பலிக்காவிட்டால் வண்டியைத் தோளில் தூக்கி நடப்பதும்தான் வழி. மழைக்காலத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்குவதை உள்ளூர்க்காரர்கள் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

சாலைகள் பல இடங்களில் நேராகச் செல்லாமல் கண்மாய்க் கரையை ஒட்டி வளைந்து செல்கின்றன. இதனை வெறும் சுற்றுவழி எனக் கருதலாகாது. கரிசல் காட்டில் ஆண்டு முழுவதும் உறுதியாக இருக்கும் மேட்டுநிலம் பெரும்பாலும் கண்மாய்க் கரையே ஆகும். பனைமரங்களும் வேம்பும் கரையைப் பிடித்து நிற்கின்றன. கரையோரத்தில் ஐயனார் அல்லது கருப்பசாமி கோயிலும், அதனை ஒட்டி வெட்டப்படாத ஆலமரமோ புளியமரமோ இருப்பது வழக்கம். வெயில் நேரத்தில் தொலைவிலிருந்து தெரியும் அடர்ந்த மரத்தொகுதி ஏறக்குறைய எப்போதும் கோயிலையே குறிக்கும்.

கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மிகுநீர் வெளியேறும்போது, அந்நீர் தரைப்பாலங்களின் மேல் ஓடும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இப்பாலங்களில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் சில நாட்கள் முழங்காலளவு நீர் பாய்வதுண்டு. ஓடும் நீரில் மிதிவண்டியுடன் இறங்குவது உயிருக்கு ஆபத்தானது. பாசி படிந்த காரைத்தளம் நீர் வடிந்த பின்னும் சில நாட்கள் வழுக்கும்.

அமைதியான சாலையை இனங்காணல்

தமிழ்நாட்டுச் சாலைகள் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை, ஊராட்சி ஒன்றிய மற்றும் ஊராட்சிச் சாலை என வகைப்படுத்தப்பட்டுள்ளன. மிதிவண்டிக்கு உகந்தவை கடைசி இரண்டு வகைகள். நடுவண் அரசின் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்கு எப்பருவத்திலும் பயன்படும் சாலை அமைப்பது அதன் நோக்கம்.

வரைபடம் இல்லாமலேயே சாலையின் தரத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி மஞ்சள் நிறமாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சை மாநில நெடுஞ்சாலையைக் குறிக்கும். செம்மஞ்சள் நிறக் கல் கிராமச் சாலைக்கு உரியது. மஞ்சள் கல்லை விட்டு விலகிச் செம்மஞ்சள் கல்லைத் தேடிச் செல்பவருக்கு அமைதியான வழி கிடைக்கும் எனலாம்.

மிதிவண்டிப் பயணத்துக்குப் புகழ்பெற்ற பிரான்சு நாட்டிலும் அடிப்படை இதுவே. அங்கு 'டி' என்னும் எழுத்துடன் எண்ணிடப்பட்ட மாவட்டச் சாலைகள் ஏறத்தாழ 3,80,000 கி.மீ நீளமுள்ளவை. விரைவுச் சாலைகள் பெரிய வண்டிகளை ஈர்த்துக்கொள்வதால், சிற்றூர்களை இணைக்கும் மாவட்டச் சாலைகள் பலவற்றில் போக்குவரத்து குறைந்து காணப்படுகிறது. லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கி.மீ செல்லும் மிதிவண்டி வழியின் பெரும்பகுதி இத்தகைய சிறுசாலைகளையே பயன்படுத்துகிறது. கைவிடப்பட்ட தொடருந்துப் பாதைகளும் அங்கு மிதிவண்டித் தடங்களாக மாற்றப்பட்டுள்ளன. பர்கண்டிப் பகுதியில் 1997இல் திறக்கப்பட்ட தடம் இவற்றுள் முன்னோடி ஆகும்.

திருச்சுழி வட்டாரத்தில் தொடருந்துப் பாதையின் கதை வேறு. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை செல்லும் பாதை 1960களில் மீட்டர் பாதையாகப் போடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காகச் சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்த அது 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே அது மிதிவண்டித் தடம் ஆகவில்லை. ஆனால் வழி தவறியவருக்கு அது நல்ல அடையாளம். அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் இடையே எந்த ஊரிலும் தண்டவாளம் எந்தப் பக்கம் என்று கேட்டால் விடை கிடைக்கும்.

முக்கிய வழிகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் நேர்சாலையில் பேருந்துகள் செல்கின்றன. இருப்பினும் நெடுஞ்சாலையோடு ஒப்பிடுகையில் அது அமைதியானதே. திருச்சுழிக்கு அருகிலுள்ள தமிழ்ப்பாடி போன்ற ஊர்களிலிருந்து இருபுறமும் பிரியும் கிளைச்சாலைகளில் பேருந்து வருவது நாளுக்குச் சில முறைகளே.

திருச்சுழியில் உள்ள திருமேனிநாதர் கோயில், பாண்டிய நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. சுந்தரரால் பாடப்பெற்றது. ரமண மகரிசி 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று இவ்வூரில் பிறந்தார். அவர் பிறந்த வீடு 'சுந்தர மந்திரம்' என்னும் பெயரில் பேணப்படுகிறது. இவ்விரண்டையும் காண வருவோர் பெரும்பாலும் மகிழுந்தில் வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். அருகிலுள்ள பள்ளிமடம் அவர்களுள் பலருக்குத் தெரிவதில்லை. பள்ளிமடத்துக் காளைநாதர் கோயில் கல்வெட்டுகள் நிறைந்தது. பாண்டிய மன்னன் ஒருவனுக்கு எடுக்கப்பட்ட பள்ளிப்படைக் கோயிலாக அது அறியப்படுகிறது. கல்வெட்டுகளில் சுந்தரபாண்டிய ஈச்சரம் என்னும் பெயர் காணப்படுகிறது. திருச்சுழியிலிருந்து மிதிவண்டியில் எளிதில் சென்று வரக்கூடிய இடங்களுள் இதுவே முதன்மையானது.

திருச்சுழிக்கு வடமேற்கே காரியாபட்டி நோக்கிச் செல்லும் சாலை, குண்டாற்றின் வடிநிலத்தில் அமைந்தது. ஆறு பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமுமாகவே காட்சி தரும். ஆறு தன் பெயருக்கேற்ப ஓடுவதைக் காண விரும்புவோர் பெருமழைக்குப் பிந்தைய சில நாட்களில்தான் வரவேண்டும். வடகிழக்கே நரிக்குடி செல்லும் வழியும் அங்கிருந்து வீரசோழன் செல்லும் வழியும் கண்மாய்கள் மிகுந்தவை; மழை ஆண்டுகளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் காணப்படும்.

அருப்புக்கோட்டை வட்டத்தில் உள்ள கோவிலாங்குளத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. சோழர் காலக் கல்வெட்டும் இங்கு உண்டு. சிற்பங்களை உள்ளூர் மக்கள் தங்கள் தெய்வமாக வழிபட்டு வந்துள்ளனர். இங்கு வருவதற்கு மிதிவண்டியே போதுமானது என்பதோடு, ஊர்ப் பெரியவர்களிடம் நின்று வழி கேட்பதற்கும் அதுவே ஏற்றது.

திருச்சுழி வட்டத்தின் தென்பகுதியில் எம். ரெட்டியபட்டி, பரளச்சி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சாலைகள் முழுக்கரிசலில் செல்பவை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லாத நிலப்பரப்பை இங்குக் காணலாம். இப்பகுதிக்குக் கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி அருகில் 648 மெகாவாட் திறன்கொண்ட சூரிய மின்நிலையம் 2016இல் அமைக்கப்பட்டது. மின்நிலையத்துக்கு இடம் தேடியவர்களை ஈர்த்த அதே வெயில்தான் மிதிவண்டி ஓட்டுபவரை வாட்டுகிறது.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள பந்தல்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது. ஆகவே அப்பகுதிச் சாலைகள் சிறியவையாக இருந்தபோதும் சரக்குந்துகள் செல்லும் வழிகளை அமைதியானவை எனக் கொள்ள இயலாது. அதற்கும் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பூரும், பாரதியார் பிறந்த எட்டயபுரமும் உள்ளன. வெண்ணிற உடலில் செம்பொட்டுகள் கொண்ட வேம்பூர் ஆட்டினம் இவ்வூரின் பெயரால் அழைக்கப்படுகிறது. சாலையை அடைத்துக்கொண்டு ஆட்டுமந்தை வரும்போது மணியடிப்பதால் பயனில்லை. இறங்கி ஓரமாக நிற்பதே முறை. இரவில் கிடை போட்டிருக்கும் காடுகளின் அருகே காவல்நாய்கள் இருக்கும். அவை ஓடும் வண்டியைத் துரத்தும், இறங்கி நடப்பவரைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

காற்றும் பருவமும்

மலையேற்றம் இல்லாத இந்நிலத்தில் காற்றே மலையின் வேலையைச் செய்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக மேல்காற்று பலமாக வீசும். ஆடி மாதத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போவது எளிது. திரும்பி வருவது அதே தொலைவுக்கு இருமடங்கு உழைப்பைக் கேட்கும். காற்று காலையில் அடங்கியும் பிற்பகலில் வலுத்தும் வீசுவதால், புறப்படும்போது மேற்கு நோக்கிச் சென்று, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புமாறு வழியை அமைத்துக்கொள்வது நல்லது. தடுக்க மரமில்லாத கரிசல் காட்டில் பக்கக்காற்று வண்டியைச் சாலையின் நடுவுக்குத் தள்ளுவதும் உண்டு.

மார்கழி முதல் மாசி வரையிலான காலமே பயணத்துக்கு மிக ஏற்றது. காலை நேரம் குளிர்ச்சியாக இருக்கும். பயிர் நிற்கும் காலம் ஆதலால் காடும் பசுமையாக இருக்கும். விடியலில் சாலையோரங்களில் மயில்கள் மேய்வதைக் காணலாம். எனினும் அறுவடை தொடங்கியதும் புதிய இடையூறு ஒன்று முளைக்கிறது. களம் போதாத ஊர்களில் கதிர்களைத் தார்ச்சாலையில் பரப்பி, போகும் வண்டிகளின் சக்கரங்களால் மிதிபடச் செய்து தானியத்தைப் பிரிக்கின்றனர். மிதிவண்டிக்கு இது பொருந்தாது. தட்டைகள் சங்கிலியிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். அடியில் உள்ள தானியம் சக்கரத்தை வழுக்கும். பங்குனி முதல் ஆவணி வரை முற்பகல் 10 மணிக்குமேல் நெடுந்தொலைவு செல்வது உகந்ததன்று.

முள்ளும் தண்ணீரும்

சீமைக்கருவேலம் இவ்வட்டாரத்தின் தரிசு நிலங்களையும் ஓடைகளையும் கண்மாய் உட்பரப்பையும் பெருமளவில் ஆக்கிரமித்துள்ளது. வெட்டிய மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது மழை பொய்த்த ஆண்டுகளில் பலருக்கு வாழ்வாதாரம் ஆகும். இம்மரத்தை அகற்றுவது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணைகள் பிறப்பித்தது. ஆயினும் மரம் நீங்கவில்லை. மிதிவண்டியைப் பொறுத்தவரை, நிற்கும் மரத்தால் தீங்கில்லை. வெட்டி ஏற்றிச் செல்லும்போது சிந்தும் முட்களே டியூபைத் துளைக்கின்றன. விறகு ஏற்றிய இழுவை வண்டி சென்ற சாலையில் ஒரே நாளில் பல முறை பஞ்சர் ஆவதுண்டு. முள் குத்தியதும் அதனைச் சாலையிலேயே பிடுங்காமல், டயரில் அவ்விடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு ஒட்டுவது பழக்கப்பட்டவர்களின் வழக்கம். ஒடிந்த முனை டயருக்குள் தங்கிவிட்டால் புது டியூபும் துளைபடும்.

முன்னர் ஓரளவு பெரிய ஊர்கள் தோறும் மணிக்கணக்கில் மிதிவண்டியை வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. பஞ்சர் ஒட்டுவதும் அங்கேயே நடந்தது. தற்போது அக்கடைகள் பலவும் மோட்டார் வண்டிக் கடைகளாக மாறிவிட்டன. ஆகவே ஒட்டுப்பொருளும் காற்றடிக்கும் குழாயும் உடன் எடுத்துச் செல்வது கட்டாயமாகிறது.

நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. குடிப்பதற்கெனத் தனியாகப் பேணப்பட்ட குளங்கள் ஊருணி எனப்படுகின்றன. குளிக்கவும் துவைக்கவும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. குழாய் நீர் வந்த பின்னர் பல ஊருணிகள் கவனிப்பின்றிப் போயின. வழிப்போக்கர் கேட்டால் வீடுகளில் தண்ணீர் கிடைக்கும். ஆனால் கோடையில் அக்குடத்து நீர் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டதாக இருக்கலாம். இரண்டு புட்டிகளை நிரப்பிக் கேட்பதற்கு முன் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

உழைப்பவரின் வண்டி

இச்சாலைகளில் மிதிவண்டி பொழுதுபோக்குக்காக வந்ததன்று. நெசவாளர்கள் நூலை வாங்கிச் செல்லவும் நெய்த துணியைக் கொண்டு சேர்க்கவும் அதனைப் பயன்படுத்தினர். மல்லிகை மொட்டுகள் விரிவதற்குள் சந்தையை அடைய வேண்டியிருந்ததால், விடியுமுன் பறித்த பூக்கூடைகள் கேரியரில் கட்டப்பட்டுச் சென்றன. பால்காரர், தபால்காரர், ஐஸ் விற்பவர், பள்ளி ஆசிரியர் ஆகியோரும் இச்சாலைகளில் மிதித்தனர். தண்ணீர்ப் பஞ்ச காலங்களில் குடங்களைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட மிதிவண்டிகள் பொதுவான காட்சியாக இருந்தன. உள்ளாட்சி அமைப்புகள் அக்காலத்தில் மிதிவண்டிக்கு வரி வசூலித்து, வரி கட்டியதற்கு அடையாளமாக உலோக வில்லை வழங்கின.

பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது தென்தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் ஏற்கப்படாமல் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் கற்பித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதனைக் கற்றனர். பின்னர் 2001–02ஆம் கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மேல்நிலை மாணவியருக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005–06இல் இது அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களே மிகுதியாக உள்ள இவ்வட்டாரத்தில், பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பு தொடருமா என்பதைப் பள்ளி செல்லும் சாலையே தீர்மானித்த குடும்பங்கள் பல. காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இச்சாலைகளில் வரிசையாகச் செல்லும் ஒரே நிற மிதிவண்டிகள் இத்திட்டத்தின் கீழ் பெறப்பட்டவையாகும்.

1997இல் அறிமுகமான சிற்றுந்துத் திட்டம், அதன்பின் பெருகிய மோட்டார் வண்டிகள், 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாச் சாதாரணப் பேருந்துப் பயணம் ஆகியவற்றால் பெரியவர்களின் மிதிவண்டிப் பயன்பாடு குறைந்துள்ளது. சாலைகளின் அமைதிக்கு மற்றொரு காரணமும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் வேலை தேடி ஊரை விட்டுச் சென்றவர்கள் பலர். வெளியூர்ப் பயணிக்கு இதமாகத் தோன்றும் வெறிச்சோடிய சாலை, உள்ளூர்வாசிக்கு அத்தகைய பொருளைத் தருவதில்லை.

நான்குவழிச் சாலையைக் கடத்தல்

மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை வழியாகச் செல்கிறது. முன்னர் 45பி என எண்ணிடப்பட்டிருந்த இது தற்போது தேசிய நெடுஞ்சாலை 38இன் பகுதியாகும். நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்ட பின்னர், தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குந்துகள் இதில் விரைந்து செல்கின்றன. இதனால் சிறுசாலைகளில் கனரக வண்டிகள் குறைந்தது ஒரு நன்மை.

ஆனால் நெடுஞ்சாலைக்கு மேற்கேயுள்ள ஊருக்கும் கிழக்கேயுள்ள காட்டுக்கும் இடையே மிதிவண்டியில் சென்று வந்தவர்களுக்கு நடுத்திட்டு ஒரு சுவராக அமைந்தது. அடுத்த திறப்பு வரை சென்று திரும்புவதற்குப் பதிலாக, பலர் சாலையின் ஓரத்தில் எதிர்த்திசையில் மிதித்துச் செல்கின்றனர். திறப்புகளில் நின்று கடக்கும்போது, நூறு கி.மீ வேகத்தில் வரும் வண்டியின் தொலைவைக் கணிப்பது கடினம். விளக்கில்லாத மிதிவண்டிகள் இரவில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வட்டாரத்தின் வழிகளைத் திட்டமிடுவோர், நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் அமையும் வழிகளைத் தேர்ந்துகொள்வதும், கடக்க வேண்டியிருப்பின் பாலத்தின் அடியிலுள்ள கீழ்வழியைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானது. பள்ளி மாணவர்களுக்கும் உழவர்களுக்கும் அத்தகைய தேர்வு எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.